பேரிங் மாற்றியும் ஏறாத பிரஷர்

இன்ஜினை இறக்கி, கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்பி, புது மெயின் பேரிங்கும் கனெக்டிங் ராடு பேரிங்கும் போட்டு, சம்பை மூடி ஸ்டார்ட் செய்கிறார்கள். ஆயில் பிரஷர் முள் சட்டென்று ஏறி நிற்கிறது. சுற்றி நிற்பவர்கள் முகத்தில் நிம்மதி. அரை மணி நேரம் ஓடி இன்ஜின் சூடேறியதும் முள் மெல்ல இறங்குகிறது. ஐடிலில் விட்டால் ஆயில் லைட் மினுக்குகிறது. நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளுக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பட்டறைகளுக்கும் இது புதிய காட்சி இல்லை. டீசல் இன்ஜின் வேலை நடக்கிற எந்த ஊருக்கும் புதிது இல்லை. அதன் பிறகு நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். "புது பேரிங், ஓட ஓட செட் ஆகிடும்" என்பார் ஒருவர். கெட்டி ஆயில் ஊற்றிப் பார்ப்போம் என்பார் இன்னொருவர். சென்சார் மாறும், அடுத்து ஆயில் பம்ப் மாறும். எதற்கும் முள் அசையாவிட்டால் வண்டி அப்படியே லோடுக்குப் போகும். பிறகொரு நாள் அதே இன்ஜின் அதே பட்டறைக்குக் கட்டி இழுத்து வரப்படும்.

பேரிங் தேய்ந்ததால் பிரஷர் குறைந்ததா, பிரஷர் குறைந்ததால் பேரிங் தேய்ந்ததா? பழைய பேரிங்கைக் கழற்றிய அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. தேய்ந்த பேரிங் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் குற்றம் அதன் தலையில் விழுகிறது. புது பேரிங் போட்ட பிறகும் பிரஷர் ஏறவில்லை என்றால், பழைய பேரிங் பெரும்பாலும் பலியாள்தான், காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று இன்ஜினே வாய்விட்டுச் சொல்கிறது. அல்லது புது பேரிங்கைப் பொருத்திய விதத்திலேயே தவறு நடந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் அதை ஊகத்தால் கண்டுபிடிக்க முடியாது. அளந்தால்தான் தெரியும். அளந்ததை எழுதிவைத்தால்தான் அடுத்த ஆளுக்கும் தெரியும். பில்லோடு ஓர் அளவுத்தாள் தராத எந்த இன்ஜின் வேலையையும் முடிந்த வேலையாக வண்டி உரிமையாளர்கள் ஏற்கக் கூடாது என்பதே என் வாதம்.

பிரஷரை உண்டாக்குவது பம்ப் என்று பலர் நினைக்கிறார்கள். பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே. ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஆயில் என்று கணக்காகத் தள்ளிவிடுவது அதன் வேலை. அந்த ஆயில் வெளியேறும் வழிகள் எவ்வளவு குறுகலாக இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் பிரஷர் எழும்புகிறது. தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவரிசையில் நான்கைந்து சொட்டுவான்கள் பிடுங்கிக்கொண்டால் மோட்டார் அதே வேகத்தில்தான் ஓடும், தண்ணீரும் அதே அளவுதான் வரும், கடைசி வரிசைச் செடி மட்டும் வாடும். மோட்டாரை மாற்றினால் அந்தச் செடி பிழைக்காது. ஆறு சிலிண்டர் இன்ஜினில் 7 மெயின் பேரிங், 6 ராடு பேரிங், அதற்கு மேல் கேம் புஷ்கள், ராக்கர் ஷாஃப்ட், டர்போ, சில இன்ஜின்களில் பிஸ்டனைக் குளிர்விக்கும் ஜெட்கள். இத்தனையும் ஒரே குழாயின் சொட்டுவான்கள்.

இந்த இடைவெளிகளின் அளவை நினைத்துப் பார்த்தால்தான் விஷயத்தின் நுட்பம் புரியும். பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே விட வேண்டிய கிளியரன்சுக்கு, ஷாஃப்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. ஜர்னல், அதாவது ஷாஃப்டில் பேரிங் அமரும் பகுதி, மூன்று அங்குலம் என்றால் அது 0.076 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். இடைவெளி வழியே கசியும் ஆயில், இடைவெளி கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை, அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. ஒன்றரை மடங்கானாலே மூன்று மடங்குக்கு மேல். அதாவது, அரை முடி அளவுக்குக் கிரைண்டிங்கில் கூடுதலாக எடுத்துவிட்டால், அந்த ஜர்னல் மூன்று ஜர்னல்களின் ஆயிலைக் குடிக்கும். பெரிய தவறுகள் தானே காட்டிக்கொடுத்துவிடும். 0.25 மில்லிமீட்டர் கிரைண்ட் செய்த ஷாஃப்டில் மறதியாக ஸ்டாண்டர்ட் பேரிங்கைப் போட்டால் ஸ்டார்ட் செய்ததும் சத்தமே சொல்லிவிடும். அரை முடித் தவறு சத்தம் போடாது. சூடேறிய பிறகு முள்ளில் மட்டும் தெரியும்.

சூடேறிய பிறகு என்பதுதான் இதில் முக்கியம். 15டபிள்யூ-40 ஆயில் நூறு டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை பிசுக்கு உடையதாக இருக்க வேண்டும் என்பது தர அளவு. அதே ஆயில் 40 டிகிரியில் நூறு சென்டிஸ்டோக்கைத் தாண்டி நிற்கும். ஆக, காலையில் ஸ்டார்ட் செய்தபோது இருந்த கெட்டித்தன்மையில் ஏழில் ஒரு பங்குதான் மதிய வெயிலில் லோடு இழுக்கும்போது மிஞ்சுகிறது. குளிரில் பெரும்பாலான ஓட்டை இன்ஜின்களும் நல்ல பிரஷர் காட்டும். "ஸ்டார்ட் பண்ணிக் காட்டினோமே, முள் நின்னுச்சே" என்ற பேச்சுக்கு மதிப்பில்லாமல் போவது இதனால்தான். வண்டியை ஒப்படைக்கும் முன் இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஐடிலிலும் ஓட்ட வேகத்திலும் பிரஷரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்று சொல்வது ஒரு கைக்கணக்கு மட்டும். உண்மையான வரம்பு அந்தந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. முன்பைவிடச் சற்றுக் குறைந்தாலும் மேனுவல் வரம்புக்குள் நின்றால் அது கோளாறே இல்லை. அதற்குக் காரணம் தேடி ஊரெல்லாம் அலைவதும் வீண்தான்.

முள் மட்டும் போதுமா என்றால் போதாது. இதற்கான சான்று நூற்று நாற்பது ஆண்டு பழையது. பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பியூசாம்ப் டவர் என்பவர் 1880களில் பேரிங் உராய்வைச் சோதித்தார். சுழலும் ஷாஃப்டின் அடிப்பகுதி ஆயிலில் மூழ்கியிருக்க, மேலே பித்தளை பேரிங் பாரத்தோடு அமர்ந்திருந்தது. ஆயில் ஊற்றுவதற்கென்று அவர் பேரிங்கின் மேல்பகுதியில் ஒரு துளை போட்டார். ஷாஃப்டைச் சுழல விட்டதும் அந்தத் துளை வழியே ஆயில் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. பிரஷர் கேஜ் ஒன்றைப் பொருத்தினார். இருநூறு பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜில் முள் அளவைத் தாண்டிப் போயிற்று. பேரிங் மீதிருந்த சராசரி பாரமோ அதில் பாதிதான். இதன் கணக்கை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் எழுதினார். ஷாஃப்டைத் தூக்கி மிதக்கவிடுவது பம்ப் தரும் பிரஷர் இல்லை, குறுகும் இடைவெளிக்குள் ஷாஃப்டே ஆயிலை இழுத்துச் செல்லும்போது அங்கே பிறக்கும் பிரஷர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பம்ப்பின் வேலை அந்த இடத்துக்கு ஆயில் வற்றாமல் அனுப்புவது மட்டும்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. மெயின் பேரிங்கில் ஆயில் துளையும் பள்ளமும் உள்ள பாதி மேலே, பிளாக்கின் பக்கம் வர வேண்டும். அவசரத்தில் மேல் கீழ் மாறிவிட்டால் பிளாக்கிலிருந்து வரும் ஆயில் வழி அடைபடும். அப்போது அந்த இடத்தில் கசிவே இல்லாததால் முள் நன்றாகத்தான் நிற்கும். பேரிங்கோ ஆயில் காணாமல் கருகும். ஆகவே முள் இறங்கினாலும் ஆபத்து, முள் நின்றாலும் முழு உத்தரவாதம் இல்லை. முள் ஒரு சாட்சி. வழக்கைத் தீர்க்க ஒரு சாட்சி போதாது. இன்ஜினை மூடும் முன் எடுக்கும் கிளியரன்ஸ் அளவுதான் மற்றச் சாட்சி, அதற்கு மாற்று எதுவுமில்லை.

சரி, மூடியாகிவிட்டது, சூட்டில் முள் இறங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது? முதலில், முள் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். டாஷ்போர்டு லைட்டை நம்புவது இன்னும் மோசம். அதை எரியவைக்கும் ஸ்விட்ச் பெரும்பாலும் அரை பார் அளவுக்கு அருகில்தான் வேலை செய்கிறது. லைட் அணைந்திருக்கிறது என்றால் பிரஷர் அந்த அடிமட்டத்துக்கு மேலே இருக்கிறது என்று மட்டுமே பொருள், போதுமான அளவு இருக்கிறது என்று பொருள் இல்லை. அடுத்தது ஆயில். டிப்ஸ்டிக்கை இழுத்து விரலில் தேய்த்து முகர்ந்து பார்க்க வேண்டும். டீசல் வாடை வந்தால், லெவல் தானாக ஏறியிருந்தால், இன்ஜெக்டரோ டீசல் பம்ப் சீலோ கசிந்து ஆயிலைத் தண்ணீராக்கிக்கொண்டிருக்கிறது. அந்த இன்ஜினுக்கு எத்தனை செட் பேரிங் போட்டாலும் பிரஷர் நிற்காது.

கேஜும் ஆயிலும் சரி என்றால், பிரஷர் எப்போது குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமைதான் பெரிய கருவி. குளிரில் நன்றாக இருந்து, சூட்டில் ஐடிலில் மட்டும் விழுந்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் ஏறிவிட்டால், எங்கோ இடைவெளி அதிகம் என்று சந்தேகிக்கலாம். பேரிங், கேம் புஷ், ராக்கர் ஷாஃப்ட் எதுவாகவும் இருக்கலாம். மெயினையும் ராடையும் புதிதாக்கிவிட்டு, தேய்ந்த கேம் புஷ்ஷை அப்படியே விட்டுவிடும் வழக்கம் இதனால்தான் கடைசியில் காலை வாருகிறது. குளிரிலும் குறைவு, ரேஸ் கொடுத்தாலும் ஏறவில்லை என்றால், பிரஷர் ரிலீஃப் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழியான கேலரியில் ஒரு பிளக் இல்லாமல் போயிருக்கலாம். ஐடிலில் சரியாக இருந்து வேகம் கூடும்போது விழுந்தால், பம்ப்புக்கு ஆயில் போகும் வழியில் அடைப்பு. ஸ்ட்ரெய்னர் வலையைப் பார்க்க வேண்டும். முள் நடுங்கினால், ஆயிலில் நுரை இருந்தால், பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு லிட்டர் ஆயில் கூடுதலாக ஊற்றி, சில நிமிடம் மட்டும் ஐடிலில் விட்டுப் பார்ப்பது. கசியும் இணைப்பு ஆயிலுக்குள் மூழ்கியதும் முள் நேராகிவிட்டால், உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங்தான் குற்றவாளி. பார்த்தவுடன் அந்த ஆயிலை மறக்காமல் இறக்கிவிட வேண்டும்.

இந்தச் சந்தேகப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று புலப்படும். இதில் பாதி, பேரிங் மாற்றும் வேலையின்போதே கைபட்ட இடங்கள். சம்பைக் கழற்றினால் ஆயில் உறிஞ்சும் குழாயும் கழலும், அதன் ஓ-ரிங் பழையதே திரும்பப் போகும். பிளாக்கைக் கழுவ கேலரி பிளக்குகளைக் கழற்றுவார்கள், டைமிங் கவருக்குப் பின்னால் இருக்கும் ஒன்று கண்ணில் படாமல் விடுபடும். சம்பை ஒட்டும் கேஸ்கட் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவினால், உள்ளே பிதுங்கிய பிசிறு ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பழைய பேரிங் அரைபட்டபோது கிளம்பிய உலோகத் தூள். அது ஆயில் கூலருக்குள்ளும் ரிலீஃப் வால்வுக்குள்ளும் ஒளிந்திருக்கும். கூலரைக் கழுவாமல், முடிந்தால் மாற்றாமல், இன்ஜினை மூடுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது போன்றது. புது பேரிங் முதல் நாளிலேயே பழைய பேரிங்கின் தூளைத் தின்ன ஆரம்பிக்கும்.

அந்தத் தூள் இருக்கிறதா என்று பார்க்க ஃபில்டரை வெட்டிப் பார்க்கலாம். சூடேறி ஓடிய இன்ஜினின் ஃபில்டர் கூட்டை ரம்பத்தால் அறுக்காமல் ஃபில்டர் கட்டரால் திறந்து, உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை நீளமாக விரித்து வெயிலில் பிடிக்க வேண்டும். ரம்பம் போட்டால் ரம்பத்தூளே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும். ஈயம் கலந்த மேல்பூச்சு சாம்பல் மினுக்கமாகத் தெரியும். அதற்கடியில் உள்ள செம்பு அடுக்குவரை தேய்ந்திருந்தால் சிவந்த துணுக்குகள் தெரியும். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டுபவை இரும்பு, அதாவது ஷாஃப்ட், பம்ப் பற்கள் போன்றவற்றிலிருந்து வந்தவை. ஒட்டாதவை பெரும்பாலும் பேரிங் உலோகம். இரண்டு நிமிட வேலைதான், ஆனாலும் பழைய ஃபில்டரைக் குப்பையில் வீசும் முன் திறந்து பார்க்கும் பட்டறைகள் குறைவு.

இதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது அதுதான். சம்பைக் கழற்றி, இன்ஜினை ஓட்டாமல், தனி டாங்கிலிருந்து அழுத்தம் ஏற்றிய ஆயிலை சென்சார் துளை வழியே கேலரிக்குள் செலுத்துவது. கீழே ஒரு தட்டை வைத்து, விளக்கைப் பிடித்து, ஒவ்வொரு பேரிங்கையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். நல்ல பேரிங்கின் விளிம்பில் ஆயில் சொட்டுச் சொட்டாகத் திரண்டு விழும். இடைவெளி அதிகமான பேரிங்கில் ஆயில் நூலாகப் பிடித்து ஒழுகும். சொட்டே விழாத பேரிங்குக்கு ஆயில் போகவில்லை, வழி அடைபட்டிருக்கிறது. ஷாஃப்டை மெதுவாகச் சுற்றிச் சுற்றி மறுபடி பார்த்தால் துளைகள் நேர்ப்படும்போதும் விலகும்போதும் என்ன நடக்கிறது என்பதும் தெரியும். கேலரி பிளக் விடுபட்டிருந்தால் அருவியாகக் கொட்டிக் காட்டிக்கொடுக்கும். எந்தப் பேரிங் என்று விரல் நீட்டிச் சொல்லிவிடும் சோதனை இது. ஊகத்துக்கு இடமே இல்லை.

குற்றம் எந்தப் பேரிங்கில் என்று தெரிந்துவிட்டால் அங்கே அளக்க வேண்டும். பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் நூலை, ஆயில் துடைத்த ஜர்னலின் மேல் வைத்து, பேரிங் கேப்பைச் சரியான டார்க்கில் முறுக்கி, ஷாஃப்டைச் சுற்றாமல் மறுபடி கழற்றினால், நூல் நசுங்கிப் பரவிய அகலமே கிளியரன்ஸ் எவ்வளவு என்று காட்டும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஷாஃப்டை மைக்ரோமீட்டராலும், முறுக்கிய பேரிங்கின் உள்விட்டத்தை போர் கேஜாலும் அளந்து கழித்துப் பார்க்கலாம். ஒரே ஜர்னலை இரண்டு மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் கூம்பலும் நீள்வட்டமும் தெரியும். கேப்புகளின் எண் மாறியிருப்பது, எப்போதோ ஒருவர் கேப்பை அரம் போட்டுத் தேய்த்திருப்பது, பேரிங்குக்கு அடியில் காகிதமோ தகடோ வைத்து இறுக்கியிருப்பது எல்லாம் இந்த அளவுகளில் அகப்பட்டுவிடும். காகிதம் வைத்து இறுக்குவதை மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க முடியாது. பேரிங் தன் சூட்டை வெளியேற்றும் வழிகளில் ஒன்று அதன் முதுகு.

அனுபவம் உள்ள கைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு மறுப்பு வரும். முப்பது வருடம் இன்ஜினோடு பழகிய மெக்கானிக், ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தே இறுக்கமா தளர்வா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அந்தக் கையை நான் மதிக்கிறேன். எங்கே தேடுவது என்று அந்தக் கைக்குத்தான் தெரியும், அதைக் கற்றுத்தர எந்தக் கருவியாலும் முடியாது. ஆனால் கை உணர்வது இறுக்கத்தை. தளர்வு என்று வந்துவிட்டால் அரை முடி கூடுதலா, முக்கால் முடி கூடுதலா என்று விரல் சொல்லாது. பழைய கிராங்கில், தடித்த ஆயிலில், குறைந்த சுற்றில் ஓடிய காலத்து இன்ஜின்கள் அந்த அரை முடியைப் பொறுத்துக்கொண்டன. இன்று டர்போவும், பிஸ்டன் ஜெட்டும், மெல்லிய ஆயிலும் சேர்ந்த இன்ஜின் பொறுப்பதில்லை. நல்ல கைக்கு மைக்ரோமீட்டர் போட்டியாள் ஆகாது.

இன்னொரு மறுப்பு நேரத்தைப் பற்றியது. இதில் நியாயம் இருக்கிறது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் தவணை ஓடுகிறது, டிரைவர் படி ஓடுகிறது, லோடு வேறு வண்டிக்குப் போகிறது. ரிக் வண்டிக்காரருக்கோ சீசன் போய்விடும். அப்படியிருக்க இன்னும் ஒரு நாள் அளப்பதற்கா என்று கேட்கிறார்கள். கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஆறு சிலிண்டர் இன்ஜினை மூடும் முன் மெயினும் ராடுமாகப் பதின்மூன்று இடங்களில் அளந்து எழுத அரை நாள் போதும். மூடிய பிறகு முள் இறங்கினால் சம்பை மறுபடி இறக்க வேண்டும், ஆயிலும் ஃபில்டரும் கேஸ்கட்டும் மறுபடி வாங்க வேண்டும். வழியில் பேரிங் பிடித்துவிட்டால் கிராங்க், சில சமயம் பிளாக்கே போகும். அரை நாளை மிச்சப்படுத்தி அரை மாதத்தை இழப்பது எந்த உரிமையாளருக்கும் கட்டுபடியாகாது.

கெட்டி ஆயில் விஷயத்தில் நான் ஒரேயடியாகக் கறாராக இருக்க விரும்பவில்லை. ஆயுள் முடியும் நிலையில் உள்ள இன்ஜினை, அடுத்த வேலைக்குப் பணம் சேரும்வரை ஓட்ட, உரிமையாளர் தெரிந்தே 20டபிள்யூ-50 ஊற்றுவது ஒரு நியாயமான முடிவுதான். நேற்று பேரிங் போட்ட இன்ஜினில் அதை ஊற்றுவது வேறு. அங்கே முள் ஏறுவது கசிவு நின்றதால் இல்லை, கசியும் பொருள் தடித்ததால். அரை முடித் தவறு அப்படியே இருக்கிறது, அதைக் காட்டிக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தை மறைத்துவிட்டோம். அதிகாலை ஸ்டார்ட்டில் தடித்த ஆயில் ராக்கருக்கும் டர்போவுக்கும் தாமதமாகப் போய்ச் சேரும் பாதிப்பு தனி. ரிலீஃப் வால்வு ஸ்ப்ரிங்குக்கு அடியில் வாஷர் வைப்பதும் இதே ரகம்தான். அந்த வால்வு கட்டுப்படுத்துவது உச்ச பிரஷரை. ஐடிலில் அது மூடியே இருக்கும், ஆகவே ஐடில் பிரஷர் ஒரு பிஎஸ்ஐ கூட ஏறாது.

கருவி இல்லை என்பது கடைசி மறுப்பு. கிராங்க் கிரைண்டிங் செய்யும் லேத் பட்டறைகளில் மைக்ரோமீட்டரும் போர் கேஜும் இல்லாமல் வேலையே நடக்காது. ஐடிஐ டீசல் மெக்கானிக் பயிற்சியில் இவற்றைக் கையாளுவது பாடமாகவே இருக்கிறது. கற்றுவந்த பையனைப் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க நிறுத்திவைக்கிறோம், அளக்கச் சொல்வதில்லை. காரணம் கருவியின் விலை இல்லை, கூலி பேசும் முறை. இன்ஜின் வேலைக்கு மொத்தமாக இவ்வளவு என்று பேசிவிடுகிறோம். அதில் அளக்கும் நேரத்துக்குத் தனிக் காசு கிடையாது. கழற்றி மாட்டுவதற்கு மட்டும் காசு கொடுத்தால் கழற்றி மாட்டுவதுதான் நடக்கும். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது இதனால் நியாயமாகாது. அளப்பதற்கென்று கூலியில் ஒரு தொகையைப் பிரித்துக் கொடுக்க உரிமையாளர்கள் முன்வர வேண்டும்.

தாள் இல்லாததால் வரும் இன்னொரு கேடும் சொல்ல வேண்டியது. பிரஷர் இறங்கியதும், பேரிங் டூப்ளிகேட் என்று மெக்கானிக் உதிரிபாகக் கடையைச் சொல்வார். கிரைண்டிங்கில் கூடுதலாக எடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரர் லேத் பட்டறையைச் சொல்வார். பொருத்தத் தெரியவில்லை என்று லேத்காரர் மெக்கானிக்கைச் சொல்வார். மூவரில் யார் சொல்வது உண்மை என்று காட்ட எதுவும் இருக்காது, நான்காவது ஆளான உரிமையாளர் பணத்தைக் கட்டுவார். கிரைண்டிங் முடிந்ததும் ஒவ்வொரு ஜர்னலின் அளவும், பேரிங் முதுகில் பொறித்திருக்கும் சைஸும், மூடும் முன் எடுத்த கிளியரன்ஸும் ஒரே தாளில் இருந்தால் இந்தச் சண்டை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நேர்மையாக வேலை செய்பவருக்கு அந்தத் தாளே பாதுகாப்பு.

இன்ஜினை வேலைக்கு விடப்போகும் உரிமையாளர்களை நான் கேட்டுக்கொள்வது இது. கூலி பேசும்போதே அளவுத்தாளையும் பேசிவிடுங்கள். சம்பை மூடும் முன் ஒரு முறை நேரில் போய், மெயின், ராடு கிளியரன்ஸ் எல்லாம் எழுதியாகிவிட்டதா என்று பாருங்கள். கழற்றிய பழைய பேரிங்குகளை வரிசை மாறாமல் கேட்டு வாங்கி வையுங்கள். வண்டியை எடுக்கும் அன்று, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது, மெக்கானிக்கல் கேஜில் ஐடில் பிரஷரையும் ஓட்ட வேக பிரஷரையும் அதே தாளில் உங்கள் கண்ணெதிரே எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களும் மேனுவலோடு பொருந்தும்வரை பில்லைத் தீர்க்காதீர்கள்.